பழைய படத்தைப் பாத்துச் சிரிக்கிற பேராண்டிக்கு

சிரிடா பேராண்டி, நல்லாச் சிரி. வாயும் உன்னோடது, செல்போனும் உன்னோடது. அந்தக் காலத்து விஞ்ஞானப் படத்தைப் போட்டு வச்சுக்கிட்டு, "இவங்களுக்கெல்லாம் நடிக்கவே தெரியாதா தாத்தா"ன்னு நீ கேக்கறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. டவுன் தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்து, பிலிம் பொட்டி சுமந்து, கார்பன் குச்சி மாத்தி, காலைக்காட்சிக்கு இங்கிலீசுப் படமா ஓட்டித் தள்ளுன ஆளு நான். அந்தச் சின்னச் சன்னல் வழியா நான் படத்தைப் பாத்ததைவிட, படம் பாக்க வந்த சனத்தைப் பாத்ததுதான் சாஸ்தி. அந்த அனுபவத்துல சில ரோசனை சொல்றேன். கேட்டு நடந்தா உன் சேத்தாளிக மத்தியில உனக்குப் பெரிய மேதைன்னு பேரு வரும். கேக்காட்டியும் வரும், கொஞ்சம் தாமசமாகும்.

மொத ரோசனை ரொம்பச் சுளுவானது. படம் வந்த புதுசுல "நடிப்பா இது, மரக்கட்டை"ன்னு சொல்லிப் போடு. இருவது வருசம் கழிச்சு அதே படத்துக்கு, கண்ணை மூடிக்கிட்டு, "என்ன ஒரு அடக்கம்!"னு சொல்லு. புதுசுல "ஓவர் ஆக்டிங்"னு சொன்னதை, அம்பது வருசம் போனதும் "அதுதானப்பா அந்தக் காலத்துப் பாணி"ன்னு மாத்திக்க. நடுவுல எவனாச்சும் "அன்னைக்கு வேற சொன்னியே"ன்னு மடக்குனா, "அன்னைக்கு நான் பாத்தது வேற பிரிண்ட்டு"ன்னு சொல்லித் தப்பிச்சுக்க. பொய் சொல்லச் சொல்றாரே கெழவன்னு நெனைக்காத. பல நேரம் அது நெசமாவே இருக்கும். அந்த வெவரத்துக்குப் பின்னாடி வாரேன்.

நேத்து ராத்திரி நீ விழுந்து விழுந்து சிரிச்சியே, லெஸ்லி நீல்சன், அவரை மொதல்ல எடுத்துக்குவோம். 1956-ல வந்த 'ஃபார்பிடன் பிளானட்'. ஆல்டேர்-4ங்கற கிரகத்துக்குப் போற கப்பலுக்கு அவருதான் கமாண்டர். நெஞ்சை நிமித்தி, தாடையை இறுக்கி, வசனத்தை அளந்து அளந்து பேசுவாரு. கதை ஷேக்ஸ்பியரோட 'டெம்பெஸ்ட்' நாடகத்துச் சாடை. தீவு இருந்த எடத்துல கிரகம், மந்திரவாதி இருந்த எடத்துல வால்டர் பிட்ஜன் நடிச்ச விஞ்ஞானி. அன்னைக்கு டிக்கெட்டு எடுத்துப் பாத்தவங்களுக்கு நீல்சன் ஒரு சாதாரண அழகான ஹீரோ, அம்புட்டுத்தான். பேச்செல்லாம் ராபிங்கற ரோபோவைப் பத்தித்தான்.

அதுக்கப்பறமும் மனுசன் கௌரவமான வேசமாத்தான் போட்டாரு. 1972-ல 'பொசைடன் அட்வென்ச்சர்'ல கவுந்துபோற கப்பலுக்குக் கேப்டன். அப்பறம் வந்துச்சு 1980. சக்கர் அண்ணன் தம்பியும் ஜிம் ஆப்ரகாம்சும் சேந்து 'ஏர்ப்ளேன்!'னு ஒரு காமெடிப் படம் எடுத்தாங்க. 1957-ல வந்த 'ஸீரோ அவர்!'ங்கற சீரியசான விமானப் படத்தோட கதையையும் வசனத்தையும் எடுத்து, நெறைய வசனத்தை மாத்தாமலேயே வச்சுக்கிட்டாங்க. பெரிய வேசத்துக்குக் காமெடியன்களைத் தேடல. ராபர்ட் ஸ்டாக், லாயிட் பிரிட்ஜஸ், பீட்டர் கிரேவ்ஸ், நம்ம நீல்சன்னு, சிரிக்கவே தெரியாதவங்கன்னு பேரெடுத்தவங்களாப் பாத்துப் புடிச்சாங்க. "வழக்கமா எப்பிடிப் பேசுவீங்களோ அப்பிடியே பேசுங்க, சிரிப்பு வரவைக்க மட்டும் முயற்சி பண்ணாதீங்க"ங்கறதுதான் ஏற்பாடு. சனம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. 1988-ல 'நேக்கட் கன்' வந்ததும் நீல்சன்னாலே சிரிப்புன்னு ஆகிப்போச்சு.

இப்ப ஆல்டேர்-4க்குத் திரும்பிப் போ. அதே கமாண்டர், அதே தாடை. வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே நீ சிரிச்சிட்ட. அந்த மனுசன் 1956-ல என்னடா தப்புப் பண்ணாரு? படத்துல ஒரு பிரேம்கூட மாறல. இருவத்திநாலு வருசம் கழிச்சு அவரு வாங்குன சம்பளத்துக்கு, பழைய படத்துல பிடித்தம் பண்ணிட்ட நீ. இன்னொண்ணும் கவனி: 'ஏர்ப்ளேன்'ல அவரைப் பெரிய நடிகர்னு சொல்றவன், கிரகத்துப் படத்துல அவரு வெறைப்பா நிக்கறாருன்னு சொல்றான். ரெண்டுலயும் அவரு செஞ்சது ஒரே சோலிதான். இதை உன் சேத்தாளிககிட்டக் கேட்டுப் பாரு. பதில் வராது, பேச்சு மாறும்.

ஊமைப் படத்துக்கு வருவோம். ஊமைப் படத்துல எல்லாரும் கட்டெறும்பு கடிச்ச மாதிரி குடுகுடுன்னு ஓடறதைப் பாத்துச் சிரிக்காத புள்ள உண்டா? அந்த ஓட்டத்துக்கு நடிகன் பொறுப்பு இல்ல, எங்க சாதிதான் பொறுப்பு. ஆபரேட்டர் சாதியைச் சொல்றேன். அந்தக் காலத்துல கேமராவைக் கையால சுத்துனாங்க. நொடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருவதுன்னு கைக்கு வந்தபடி பிரேம் ஓடும். பேசும்படம் வந்ததும் சத்தத்துக்காக 24-னு நிலைச்சுப்போச்சு. பழைய ஊமைப் பிரிண்ட்டைக் கொண்டாந்து 24-ல ஓட்டுனா, துக்க வீட்டுக்குப் போறவனும் பந்தயத்துக்கு ஓடுறவனாத்தான் தெரிவான். ரெண்டு மூணு தலைமொறை அந்த வேகத்துல பாத்துட்டு, "ஊமைப்பட நடிப்புன்னாலே கோமாளித்தனம்"னு முடிவு கட்டிடுச்சு.

ஆனா எல்லாப் பழியையும் மிசினு மேலயே போட்டுடவும் கூடாது. ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' 1927 சனவரியில பெர்லின்ல வெளியாச்சு. பிரிகிட்டே ஹெல்ம்னு ஒரு பொண்ணு, பள்ளிக்கூடத்தை விட்டு வந்த வயசு, அதுதான் மொதப் படம். தொழிலாளிகளுக்கு நல்லது சொல்ற மரியாவும் அவதான், மரியா வேசத்துல சனத்தைக் கெடுக்க வர்ற இயந்திரப் பொம்பளையும் அவதான். அந்த உலோகக் கவசத்துக்குள்ள நின்னதும் அவதான். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் படத்தைப் பாத்துட்டு, அசட்டுத்தனத்துக்கே இதுதான் எல்லைங்கற கணக்கா எழுதித் தள்ளிட்டாரு. நீயும் அந்தப் பொண்ணு கையைக் காலை வெட்டி வெட்டி இழுக்கறதைப் பாத்துச் சிரிச்ச. கெட்ட மரியாவை மட்டும் தனியாப் பாரு. ஒரு கண்ணு பாதி மூடுது, தோள் ஒரு பக்கம் ஏறுது, கழுத்து சட்டுனு திரும்புது. நல்ல மரியாகிட்ட இதுல ஒண்ணுகூடக் கெடையாது. ஒரே மூஞ்சியை வச்சுக்கிட்டு, வசனமே இல்லாம, இவ வேற அவ வேறன்னு கடைசி வரிசை பெஞ்சு வரைக்கும் காட்டியிருக்கா. அன்னைக்கு ஜெர்மனியில மேடையிலயும் அந்த முறுக்கலான பாணி இருந்துச்சு. இன்னைக்கு ரோபோ வேசம் போடுற எவனும் கழுத்தைச் சட்டுனு திருப்பாம நடிச்சதை நான் பாக்கல.

இந்தப் படத்துக்கே இன்னொரு கூத்து உண்டு. வந்த வேகத்துல படத்தை வெட்டுனாங்க, அமெரிக்காவுக்குன்னு கதையையே மாத்தி வெட்டுனாங்க. கிட்டத்தட்டக் கால்வாசி படம் காணாமப் போச்சு. 2008-ல அர்ஜென்டினாவுல, பியூனஸ் அயர்ஸ் சினிமா மியூசியத்துல ஒரு 16 எம்.எம். பிரதி கெடைச்சுது. ஏகப்பட்ட கீறல், ஆனா ஏறக்குறைய முழுப்படம். சுமார் 25 நிமிசத்தைச் சேத்து 2010-ல மறுபடி காட்டுனாங்க. எம்பது வருசமா "இவன் ஏன் காரணமே இல்லாம இப்பிடிக் குதிக்கிறான்"னு ஏச்சு வாங்குன துணை நடிகனுக்கெல்லாம் அன்னைக்குத்தான் காரணம் திரும்பக் கெடைச்சுது.

கத்திரின்னதும் என் கை குறுகுறுங்குது. எங்க மொதலாளி ஒருத்தர் இருந்தாரு, பேரு வேண்டாம். கடைசி பஸ்சு போயிரும்னு சனம் எந்திரிச்சா, "அந்த ரீலைத் தூக்குப்பா"ம்பாரு. தூக்குவேன். மறுநா டீக்கடையில, "ஹீரோவுக்கு நடிக்கத் தெரியல, அழுதுக்கிட்டே இருந்தவன் திடீர்னு சிரிக்கிறான்"னு பேச்சு நடக்கும். நான் டீயைக் குடிச்சிட்டுப் பேசாம வந்துருவேன்.

அந்தக் கத்திரி போரிஸ் கார்லாஃபுக்குச் செஞ்சதை மட்டும் நின்னு கேளு. 1931, 'ஃபிராங்கன்ஸ்டைன்'. ஜேம்ஸ் வேல் எடுத்தது. படத்து ஆரம்பத்துல நடிகர் பேரு போடறப்ப, பூதத்துக்கு நேரா கார்லாஃப் பேரே போடல, ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாங்க. அதுல ஏரிக்கரையில ஒரு காட்சி. சின்னப் புள்ள ஒண்ணு பயமில்லாம அந்தப் பூதத்தோட வெளையாடும். பூவைத் தண்ணியில போட்டு மிதக்க விட்டுக்கிட்டு இருப்பாங்க. பூ தீந்துபோச்சு. புள்ளையையும் போட்டா மிதக்கும்னு நெனைச்சு பூதம் தூக்கிப் போட்டுரும். மிதக்கல. என்ன பண்றதுன்னு தெரியாம அது தவிக்கும் பாரு, தண்ணியைத் துழாவி, கையைப் பெசைஞ்சுக்கிட்டு எந்திரிச்சு ஓடும். கார்லாஃப் அந்தப் படத்துல நடிச்ச நடிப்பெல்லாம் அந்தச் சில நொடியிலதான் இருக்கு.

சென்சாருக்கு அது ஆகல. தூக்கிப் போடறதை வெட்டிட்டாங்க. என்ன ஆச்சு? பூதம் சிரிச்சுக்கிட்டே புள்ளையை நோக்கிக் கையை நீட்டுது, அதோட காட்சி முடிஞ்சிருது. அடுத்து, அப்பன் செத்த புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள வர்றான். எடையில என்ன நடந்துச்சுன்னு பாக்கறவன் மனசு போற போக்குல போகும், சென்சார் வெட்டுனதைவிட அசிங்கமான எடத்துக்குப் போகும். பல பத்து வருசமா சனம் பாத்தது அந்த வெட்டுப் பிரதிதான். 1980-கள்லதான் அந்தத் துண்டைத் திருப்பி ஒட்டுனாங்க. அதுக்கப்பறந்தான் அந்தச் சிரிப்பு கொலைகாரன் சிரிப்பு இல்ல, வெளையாட ஆள் கெடைச்ச கொழந்தை சிரிப்புன்னு புதுசாப் பாத்தவனுக்குத் தெரிஞ்சுது. இப்பச் சொல்லு, "நான் பாத்தது வேற பிரிண்ட்டு"ன்னா அது பொய்யா?

'பிளேடு ரன்னர்' கதையும் இந்தச் சாதிதான், சுருக்கமா முடிச்சிர்றேன். 1982-ல வந்தப்ப கம்பெனிக்காரங்க கட்டாயத்துல ஹாரிசன் ஃபோர்டு பின்குரல்ல கதை சொல்லிக்கிட்டே வருவாரு, தூக்கம் கலையாதவன் குரல்ல. நடிப்பும் அப்பிடித்தான் இருக்குன்னு ஏசுனாங்க. 1992-ல பின்குரலை எடுத்துட்டு விட்டாங்க, 2007-ல டைரக்டர் ரிட்லி ஸ்காட் தன் இஷ்டப்படி முடிச்ச பிரதி வந்துச்சு. அதே மூஞ்சி இப்ப "உள்ளுக்குள்ளயே புழுங்குற நடிப்பு" ஆயிருச்சு. எனக்கென்னவோ பின்குரல் இருந்தப்பக் கதை வெளங்குச்சு, இப்ப மழைதான் வெளங்குது. இதை வெளிய சொல்லிக்காத, உன் மேதைப் பேரு போயிரும்.

சரி, வெட்டுனதைப் பேசியாச்சு. ஒட்டவச்ச குரலைப் பத்தியும் பேசணும்ல? 1954-ல சப்பான்ல ரெண்டு படம். ஒண்ணு குரோசாவா எடுத்த 'செவன் சாமுராய்', இன்னொண்ணு ஹோண்டா எடுத்த 'கோஜிரா', நீ காட்ஜில்லாங்கற. சாமுராய்க் கூட்டத்துத் தலைவனா வர்ற தகாஷி ஷிமுராதான் ரெண்டாவது படத்துல தொல்லுயிர் விஞ்ஞானி யமானே. மொதப் படத்துக்கு ஒலகமே கையெடுத்துக் கும்புட்டுச்சு. ரெண்டாவதுக்கு? 1956-ல அமெரிக்காக்காரன் படத்தை வெட்டி, ரேமண்ட் பர்னு ஒரு நடிகரைப் பத்திரிகைக்காரரா நடுவுல சொருகி, அங்கங்க இங்கிலீசுக் குரல் போட்டு ஓட்டுனான். ஷிமுரா ஒதடு ஒரு பக்கம் போக, குரல் இன்னொரு பக்கம் போச்சு. மேல்நாட்டான் பாத்தது அதைத்தான். மூலப் படம் அமெரிக்காவுல ஒழுங்கா தியேட்டருக்கு வந்தது 2004-ல. அம்பது வருசம்! 1954 மார்ச்சுல பிக்கினித் தீவுல அமெரிக்கா வெடிச்ச குண்டோட சாம்பல் ஒரு சப்பான் மீன்பிடிப் படகு மேல விழுந்துச்சு, ஆளுங்க நோவுல விழுந்தாங்க. அந்த வருசம் நவம்பர்ல வந்த படம் 'கோஜிரா'. மிருகத்தைக் கொல்லத்தான் வேணுமான்னு ஷிமுரா கூனிக் குறுகி உக்காந்திருக்கறதை இருட்டுல தனியாப் பாரு. அது ரப்பர் பல்லிப் படத்து நடிப்பு இல்ல. அந்த ரப்பர் பல்லிக்குள்ள நின்ன ஹருவோ நகாஜிமாவையும் சேத்துச் சொல்லிர்றேன். மொத உடுப்பு சுமார் 100 கிலோ. மூட்டை தூக்குனவனுக்குத்தான் அந்த நடை என்ன நடைன்னு தெரியும்.

இப்ப வர்றது உங்க ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்ச '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'. 1968 ஏப்ரல்ல வாசிங்டன்ல மொதக் காட்சி. பாதியில எந்திரிச்சுப் போனவங்க உண்டு. நாலு நாள்ல டைரக்டர் குப்ரிக் தானே உக்காந்து 19 நிமிசத்தை வெட்டுனாரு. மொத 25 நிமிசத்துக்குக் கிட்டத்தட்ட மனுசப் பேச்சே கெடையாது. அப்பறம் கீர் டல்லியா, கேரி லாக்வுட்டுனு ரெண்டு விண்வெளி வீரங்க வருவாங்க. பொறந்தநாளுக்கு ஆத்தா அப்பன் வாழ்த்துச் சொல்லி அனுப்புன படத்தை லாக்வுட்டு பாக்கற பார்வை இருக்கே, கரண்டு பில்லைப் பாக்கறவன்கூட அதைவிட ஆசையாப் பாப்பான். அன்னைக்கு எழுதுனவங்க பல பேரு, "இந்த மனுசங்களைவிட கப்பல்ல இருக்கற அந்தக் கம்ப்யூட்டருக்கு உணர்ச்சி சாஸ்தி"ன்னு குத்தமாச் சொன்னாங்க. அடப்பாவிகளா, அதுக்குத்தானே குப்ரிக் அம்புட்டுப் பாடுபட்டாரு! மரக்கட்டையாத்தான் வேணும்னு கேட்டு வாங்குனது டைரக்டர், ஏச்சு வாங்குனது கொடுத்தவன்.

ஹால்ங்கற அந்தக் கம்ப்யூட்டருக்குக் குரல் கொடுத்தவரு டக்ளஸ் ரெய்ன், கனடா நாடக நடிகர். 1960-ல வந்த 'யூனிவர்ஸ்'ங்கற கனடா ஆவணப்படத்துல அவரு குரலைக் கேட்டுக் குப்ரிக் மயங்குனாரு. படம் புடிச்சதெல்லாம் முடிஞ்சப்பறம் ரெய்ன் வந்து ரெண்டு நாளைக்குள்ள பேசி முடிச்சிட்டுப் போயிட்டாரு. அதுக்கு முன்னாடி, டல்லியா வேற எவரோ வாசிச்ச வசனத்துக்குப் பதில் சொல்லித்தான் நடிச்சிருக்காரு. எதிராளியே இல்லாம ஒரு மனுசன் கெஞ்சுறதும் கோவப்படறதும் எம்புட்டுக் கஷ்டம்னு யோசி.

அந்த வீரங்க மரக்கட்டைங்கற தீர்ப்பு எப்ப மாறுச்சுன்னு கேட்டா எனக்கு ஒரு கணக்கு உண்டு. படம் வந்து அடுத்த வருசம் சூலையில நெசமாவே நெலாவுல எறங்குனாங்க. உசுரு ஊசலாடற நேரத்துலயும் அவங்க ரேடியோவுல பேசுன குரலைக் கேட்டுப் பாத்திருக்கியா? வட்டாட்சியர் ஆபீசுல பட்டா நம்பர் வாசிக்கிற குரல்தான். அதைக் கேட்டுப் பழகுன காதுக்கு டல்லியா மரமாத் தெரிய மாட்டாரு. இன்னைக்கு நீ உன் செல்போனுகிட்ட "நாளைக்கு மழை வருமா"ன்னு கேக்கற, அது பதமாப் பதில் சொல்லுது. உன் ஆத்தா கேட்டா நீ பதில் சொல்றியா? குப்ரிக்கு அம்பது வருசத்துக்கு முன்னாடியே நம்ம வீட்டுக்குள்ள வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்காரு.

இதுல ஒரு சிரிப்பு வேணுமா? அந்தப் படத்து ஆரம்பத்துல வர்ற வளந்த வாலில்லாக் கொரங்கெல்லாம் மனுசங்க. டேனியல் ரிக்டர்னு ஒரு ஊமைக்கூத்துக் கலைஞர் மிருகக்காட்சிசாலையில போயி உக்காந்து கொரங்கைப் பாத்துப் படிச்சு, ஒரு கூட்டத்தையே பழக்கி நடிச்சாரு. அந்த வருசம் ஒப்பனைக்கான தனி ஆஸ்கர் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' கொரங்குகளுக்குப் போச்சு. நம்ம கொரங்கையெல்லாம் நெசக் கொரங்குன்னு நடுவருங்க நெனைச்சுட்டாங்க போலன்னு, குப்ரிக்கோட சேந்து கதை எழுதுன ஆர்தர் சி. கிளார்க் கிண்டல் பண்ணாரு. நல்லா நடிச்சா நடிச்சதே தெரியாதுன்னு சொல்லுவாங்கல்ல, தெரியாமப் போனா விருதும் வராது.

டைரக்டர் கேட்டு வாங்குன மரத்துக்கு இன்னொரு உதாரணம் 1997-ல 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்'. பற்பசை விளம்பரத்துல இருந்து எறங்கி வந்த மூஞ்சிகளாப் பாத்துச் சேத்தாரு வெர்ஹோவன். சின்னப் புள்ளையில நாஜிக்காரன் புடிச்சுவச்ச ஆலந்துல வளந்த மனுசன் அவரு, பட்டாளத்துப் பிரச்சாரப் படத்தையே நையாண்டி பண்ணாரு. நையாண்டின்னு வெளங்காதவங்க, படமே பாசிசம், நடிப்பு பொம்மைத்தனம்னுட்டாங்க. வெளங்கறதுக்குப் பல வருசம் ஆச்சு. நையாண்டி பண்றவனுக்கு இந்தத் தொல்லை எப்பவும் உண்டு, எனக்கும் உண்டு.

எல்லா மட்டமான நடிப்பும் நாளாக நாளாக நல்லாயிரும்னு நான் சொல்றதா நெனைச்சுக்காத. எட் வுட்டோட 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' எந்தக் காலத்துலயும் மட்டம்தான். அதுல வர்ற நடிகர் பேலா லுகோசி 1956-லயே செத்துட்டாரு. முன்னாடி எடுத்துவச்ச துண்டுத்துணுக்கை ஒட்டி, மிச்சத்துக்கு டைரக்டர் பொண்டாட்டிக்கு முதுகு நீவி விடுற வைத்தியரைக் கொண்டாந்து, மூஞ்சியைத் துணியால மூடச்சொல்லிப் படத்தை முடிச்சாங்க. 1980-ல ஒரு புத்தகத்துல இதுதான் ஒலகத்துலயே மட்டமான படம்னு பட்டம் கட்டுனாங்க. பட்டம் கட்டுன அன்னையிலருந்து கூட்டம் தேடி வருது! 1994-ல டிம் பர்ட்டன் இந்தக் கதையைப் படமா எடுத்தாரு, அதுல லுகோசியா நடிச்ச மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர். லுகோசிக்கு வாழ்நாள்ல ஒண்ணும் இல்ல.

இனி உன் காலத்துக்கு வருவோம், வயித்துல புளியைக் கரைச்சுக்க. ஹேடன் கிறிஸ்டென்சன். 'ஸ்டார் வார்ஸ்'ல 2002-லயும் 2005-லயும் அனகின் வேசம். அமெரிக்காவுல மட்டமான நடிப்புக்குன்னே ராஸின்னு ஒரு விருது இருக்கு, அதை ரெண்டு படத்துக்கும் அவன் தலையில கட்டுனாங்க. 2004-ல, 1983-ல வந்த பழைய படத்துக் கடைசியில செபாஸ்டியன் ஷான்னு ஒரு பெரியவர் அனகினோட ஆவியா நின்ன எடத்துல, அவரை அழிச்சிட்டு இந்தப் பையனை ஒட்டுனாரு ஜார்ஜ் லூக்காஸ். பழைய ரசிகனுக்கு வெறியே புடிச்சுது. பாவம், பையன் கேட்டா ஒட்டச் சொன்னான்? காதலிகிட்ட மணலைப் பத்திக் கொறை சொல்ற வசனத்தையும் அவனா எழுதுனான்? எனக்கு அந்தக் காதல் பேச்சு இன்னைக்கும் சகிக்கல, அது வேற.

ஆனா அப்ப எட்டு வயசு, பத்து வயசுல தியேட்டர்ல வாயைப் பொளந்து பாத்த புள்ளைக இருந்துச்சுகளே, அதுகளுக்கு ராஸியும் தெரியாது, விமரிசகனும் தெரியாது. அதுக வளந்து இப்பச் சம்பளம் வாங்குது. 2022-ல 'ஓபி-வான் கெனோபி' தொடர்ல கிறிஸ்டென்சன் திரும்ப வந்தப்ப கைதட்டுனது அந்தக் கூட்டந்தான். 2025-ல இருவது வருசம் ஆச்சுன்னு அந்த 2005 படத்தை மறுபடி போட்டப்ப டிக்கெட்டு எடுத்ததும் அதுகதான். உன் அண்ணன் அதுல ஒருத்தன், அவன்கிட்ட அனகினைப் பத்தித் தப்பாப் பேசிட்டு வீடு திரும்பிப் பாரு. அவனும் 1977-ல மொத படத்தைப் பாத்த பெரிசுகளும் ஒரே பெஞ்சுல உக்காந்தா, ஒரு தீர்ப்பு எழுத ஏழு ஜென்மம் ஆகும்.

ஒரு எடத்துல மட்டும் நான் வெளையாடல, பேராண்டி. 1999-ல 'பேண்டம் மெனஸ்'ல ஜார் ஜார் பிங்க்ஸ்னு ஒரு நீளக்காதுப் பாத்திரம். அதுக்கு உடம்பும் குரலும் கொடுத்தது அகமது பெஸ்ட்னு ஒரு பையன், நெசமான திறமைசாலி, மேடையில ஆடிப் பழகுனவன். முழுக்கக் கம்ப்யூட்டர்ல வரைஞ்ச ஒரு பெரிய பாத்திரத்துக்கு ஒரு நடிகன் அசைவு கொடுத்ததுல அது முன்னோடி வேலை. பாத்திரம் புடிக்காத கூட்டம் அந்தப் பையனை வாரித் தூத்துச்சு. உசுரையே விட்டுரலாமான்னு அப்ப நெனைச்சதா 2018-ல அவனே சொன்னான். அடுத்த வருசம் சிகாகோ ரசிகர் விழாவுல அவன் மேடையேறுனப்பக் கூட்டம் எந்திரிச்சு நின்னு ஆர்ப்பரிச்சுது. 2023-ல 'மாண்டலோரியன்'ல ரெண்டு வாளை ஏந்திக் கொழந்தையைக் காப்பாத்துற ஜெடை வீரனா வந்தான். நல்லதுதான். ஆனா அந்த இருவது வருசத்தை எந்தப் பிரிண்ட்டுல ஒட்டித் திருப்பிக் கொடுக்க? நீ நேத்து அந்தப் பாத்திரத்தைப் பத்திப் பேசறப்ப நடிகன் பேரைச் சொல்லிச் சொன்ன பாரு ஒரு வார்த்தை, அதை இனி என் காதுல விழாம வச்சுக்க.

மத்தபடி திட்டு, தாராளமாத் திட்டு. திட்டாம சினிமா பாத்தா சோறு செரிக்காது. திட்டறப்ப வசனம் எழுதுனவன், வெட்டுனவன், குரல் ஒட்டுனவன், வேகமா ஓட்டுன என்னைய மாதிரி ஆளு எல்லாருக்கும் பங்கு பிரிச்சுக் கொடு. நடிகன் பங்கு கடைசியில கொஞ்சூண்டுதான் மிஞ்சும், சில நேரம் ஒண்ணுமே மிஞ்சாது. புகழ்றப்பவும் அதே கணக்குத்தான், ஆனா அதை எவனும் கேக்க மாட்டான்.

கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம். நம்ம பக்கமும் வேத்துக்கிரகப் படம் ஒண்ணு உண்டு. 1963-ல காசிலிங்கம் டைரக்சன்ல 'கலை அரசி'. எம்.ஜி.ஆரும் பானுமதியம்மாவும். நல்லாப் பாடத் தெரிஞ்ச ஆளு தங்களோட கிரகத்துல இல்லைன்னு வேத்துக்கிரகத்து ஆளுங்க, பூமியில இருந்து அந்தம்மாவைத் தூக்கிட்டுப் போயிருவாங்க, நம்ம வாத்தியார் கிரகத்துக்கே போயி மீட்டாருவாரு. நீ அந்த உடுப்பையும் பறக்கற தட்டையும் பாத்துச் சிரிப்ப, எனக்குத் தெரியும். சிரிச்சுக்க, தோட்டத்துக்குப் போயிச் சிரிச்சுக்க. இம்புட்டு நேரம் நான் சொன்ன ஞாயம் ஒண்ணும் உங்க அப்பத்தாகிட்டச் செல்லாது. அவ அந்தப் படத்தைப் பத்தி அன்னைக்கு என்ன சொன்னாளோ அதையேதான் இன்னைக்கும் சொல்றா, எந்தப் பிரிண்ட்டப் போட்டாலும் அதையேதான் சொல்லுவா. "வாத்தியார் கொஞ்சம் ஓவர்"னு நான் ஒரு தடவை வாய் தவறி முணுமுணுத்தேன். அன்னைக்கு ராத்திரி ரசத்துல உப்பு இல்ல.